நீலியின் வழக்கு



தமிழ்ப் பேய்ப்படம் ஒன்றை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கொலுசுச் சத்தம் வரும். எங்கோ தூரத்தில் ஒரு பெண் ராகம் இழுப்பாள். கதவு கிறீச்சிடும். அப்புறம் ஒரு சிரிப்பு. திரையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், வந்திருப்பது பெண் என்று. ஆண் பேய்க்கு நம் சினிமாவில் இப்படித் தனியாக ஒரு சத்தம் அமையவே இல்லை.

இந்தச் சத்தத்தை நம் காதில் ஆழமாகப் பதித்த படங்களில் ஒன்று, 1966இல் வந்த 'யார் நீ?'. இந்தியில் வந்த 'வோ கௌன் தீ'யின் தழுவல். ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தார்கள். வேதாவின் இசையில் பி. சுசீலா பாடிய 'நானே வருவேன்' பாட்டை வானொலியில் இரவு நேரத்தில் கேட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தப் பாட்டின் அழகைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். படத்தில் உண்மையில் பேயே இல்லை. சொத்துக்காக நாயகனின் புத்தியைக் கலைக்க நடக்கும் சதி அது. வெள்ளைப் புடவை, மழை இரவு, அந்தக் குரல் எல்லாமே ஏற்பாடு. நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் அவனுடைய மனைவி. கட்டியவளே பேயோ என்று அவன் ஒதுக்கி வைக்கிறான். அவள் அழுது சொல்வது எதுவும் அவன் காதில் ஏறுவதில்லை.

அன்று அந்த வேடத்தில் நடித்த ஜெயலலிதா, பின்னாளில் சென்னை ராயப்பேட்டை அவ்வை சண்முகம் சாலையில் ஒரு பெரிய கட்சியின் தலைமை அலுவலகத்திலிருந்து மாநிலத்தையே தன் சொல்லைக் கேட்க வைத்தார். திரையில் அவர் ஏற்ற பெண்ணின் சொல் அந்த வீட்டுக் கூடத்தைக்கூடத் தாண்டவில்லை.

பேய்ப்படங்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்ற பேச்சு வந்தால், வெளுத்த முகம், விரித்த கூந்தல், ரத்தம் என்று ஒப்பனையிலேயே நின்றுவிடுகிறோம். எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. அவள் சொல்வதை யார் கேட்கிறார்கள்? எப்போது கேட்கிறார்கள்?

இது சினிமாவோடு பிறந்த கேள்வி அல்ல. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் இருக்கிறது. நீலி கதை அந்த ஊருடையது. நகைக்கு ஆசைப்பட்ட கணவன், மனைவியையும் குழந்தையையும் கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் வணிகனாக வருகிறான், அவள் பேயாகத் தொடர்கிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபையில் வேளாளர்கள் முன்னால் நின்று, 'இவர் என் கணவர், என்னை விட்டு ஓடப் பார்க்கிறார்' என்று முறையிடுகிறாள். சபை கேட்கிறது. அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுபது பேர் வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீக்குளிக்கிறார்கள். வேளாளரின் வாய்மையைப் புகழத்தான் இந்தக் கதையைச் சொல்லிவந்தார்கள். எனக்கோ அதற்குள் இன்னொன்று தெரிகிறது. உயிரோடு இருந்தபோது எந்தச் சபையும் கேட்காத வழக்கை அவள் செத்தபின் வந்துதான் பேச முடிந்தது. அப்போதும் உண்மைப் பெயரில் பேச முடியவில்லை, மனைவி வேடம் தேவைப்பட்டது.

சமணர்கள் இந்த நீலியை இன்னும் மேலே கொண்டுபோனார்கள். 'நீலகேசி'யில் அவள் ஒரு முனிவரைப் பயமுறுத்தப் போய், மனம் மாறி, ஊர் ஊராகப் பௌத்தர்களோடும் ஆசீவகர்களோடும் வாதம் செய்து வெல்கிறாள். பேய் ஒன்று தத்துவ வாதியாகிற காப்பியம் நம்மிடம் இருக்கிறது! திருவாலங்காட்டோடு சேர்த்தே நினைக்கப்படும் இன்னொருவர் காரைக்கால் அம்மையார். கணவன் விலகிப்போன பிறகு, இந்த அழகு எனக்கு வேண்டாம் என்று பேயுருவைக் கேட்டு வாங்கியவர் அவர். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவுக்குப் போகிறவர்கள் அவரையும் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டு பாடியவரை நாம் நாயன்மார் வரிசையில் வைத்திருக்கிறோம்.

இவ்வளவு செழிப்பான மரபு நம் சினிமாவுக்கு வந்து சேர்ந்தபோது மிகவும் சிறுத்துவிட்டது. அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

1978இல் துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்' படத்தில் லதாவின் உடம்பில் பத்மப்ரியாவின் ஆவி புகுந்துகொள்ளும். ரஜினிகாந்த் லதாவின் அண்ணன். செத்த ஒருத்தி, இருக்கிற ஒருத்தி, ஒரே உடம்பு. இரண்டு பெண்களுமே தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தீர்மானிக்க முடியாதவர்கள். ஆவியை விரட்டுவதும் வீட்டைக் காப்பதும் ஆண்களின் பொறுப்பு. இந்தச் சட்டகத்தை வைத்துத்தான் பிறகு எத்தனையோ படங்கள் வந்தன. 2014இல் சுந்தர் சி. தொடங்கிய 'அரண்மனை' வரிசை இன்றுவரை ஓடுகிறது. முதல் பாகத்தில் செல்வியாக வரும் ஹன்சிகா கொலையுண்டு, ஆண்ட்ரியாவின் உடம்பில் வருகிறார். அவளுக்கு நடந்த அநியாயம் இடைவேளைக்குப் பிறகு ஒரு பிளாஷ்பேக்காக வரும். அரங்கில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அது முடிந்ததும் திரிசூலம், குங்குமம், உடுக்கை. நியாயம் அவள் பக்கம் என்று ஒப்புக்கொண்ட படமே அவளை வெளியேற்றவும் அவசரப்படுகிறது.

ஆனால் அந்தக் கண்ணீரை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சென்னையில் 1974இல் திறந்த சத்யம் திரையரங்கிலும், ஒயிட்ஸ் சாலை எக்ஸ்பிரஸ் அவென்யூவில் இருக்கும் எஸ்கேப் திரையரங்கிலும் பேய்ப்படத்துக்கு வரும் கூட்டத்தைப் பாருங்கள். பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். சண்டைப் படத்துக்கு இப்படி வருவதில்லை. ஒரு பெண்ணின் கோபத்தை முழுசாகக் காட்ட நம் சினிமா பேய்ப்படத்தில்தான் துணிகிறது. வீட்டில் பேச முடியாத கோபம் உள்ளவர்களுக்கு அது ஏன் பிடிக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

'காஞ்சனா'வை இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2011இல் ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்தது. பெற்றவர்கள் விரட்டிவிட்ட திருநங்கை காஞ்சனாவாக சரத்குமார். அவர் இன்னொரு திருநங்கைப் பிள்ளையை மருத்துவருக்குப் படிக்க வைக்கிறார், நிலத்துக்காகக் கொல்லப்படுகிறார். ஒரு பெரிய கதாநாயகன் அந்தப் புடவையைக் கம்பீரமாகக் கட்டிக்கொண்டு நின்றபோது அரங்கம் எழுந்து கைதட்டியது. தமிழ் சினிமா திருநங்கைகளை வெறும் கேலிப்பொருளாக்கி வைத்திருந்த காலத்தில் அது பெரிய காரியம். அதே படத்தின் முதல் பாதியில், நாயகன் மஞ்சள் பூசி வளையல் போட்டுப் பார்ப்பதைக் காட்டித்தான் நம்மைச் சிரிக்க வைத்தார்கள். அந்தச் சிரிப்பும் இந்தக் கைதட்டலும் ஒன்றாக நிற்க முடியாது என்றே நினைக்கிறேன். இன்னொரு பக்கம், கோவை சரளாவும் தேவதர்ஷினியும் மாமியார் மருமகளாகப் பயந்து நடுங்கிச் செய்த நகைச்சுவை இருக்கிறதே, அது அருமை. பயந்துபோன வளர்ந்த மகன் அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்ள, அவர் அவனையும் சுமந்துகொண்டு நடுங்குவார். ஆண்களின் தனிச்சொத்தாக இருந்த நகைச்சுவையின் பெரும்பங்கை அந்த வீட்டில் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

'சந்திரமுகி' வேறு வகை. பாசில் இயக்கிய மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' 1993இல் வந்தது, அதில் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 2005இல் பி. வாசு அதைத் தமிழில் எடுத்தபோது கங்காவாக ஜோதிகா நடித்தார். சென்னை அண்ணாசாலை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. இங்கே பேய் இல்லை, மனநோய்தான் என்று மருத்துவர் சொல்கிறார். அப்படிச் சொன்ன துணிச்சலுக்காகவே அந்தப் படத்தை மதிக்கிறேன். ஆனாலும் கங்காவுக்கு என்ன நடக்கிறது என்று அவளைத் தவிர எல்லோரும் கூடிப் பேசுகிறார்கள். நோயும் அவளுடையது, மேடையும் அவளுடையது, வைத்தியம் முடியும்வரை செய்தி மட்டும் அவளுக்கு இல்லை. 'ரா ரா' பாட்டில் ஜோதிகாவின் கண்கள் பேசுகிற அளவுக்குத் திரைக்கதை அவளைப் பேச விடவில்லை.

மிஷ்கினின் 'பிசாசு' 2014இல் வந்தது. அதில் பேயாக வரும், பெரும்பாலும் மௌனமாக இருக்கும் பெண் பழிவாங்க வரவில்லை. சாகும்போது தன் கையைப் பிடித்துக்கொண்ட அந்நியனின் வீட்டில், அவனைக் காத்துக்கொண்டு இருக்கிறாள். அவளுடைய அப்பாவாக ராதாரவி வந்து மகளைப் பார்த்து அழுகிற காட்சியில் பேயோட்டுதல் என்ற சடங்கே அர்த்தமற்றுப் போகிறது.

இத்தனைக்கும் பிறகு நான் போய் நிற்பது அஸ்வின் சரவணனின் படங்களில். 2015இல் வந்த 'மாயா'வில் நயன்தாரா கைக்குழந்தையோடு தனியாக வாழும் அப்சரா. ஒரு பேய்ப்படத்தை இரவில் தன்னந்தனியாக அரங்கில் உட்கார்ந்து முழுவதும் பார்த்துவிட்டால் ஐந்து லட்சம் என்று பந்தயம். கடன்காரர் தொல்லையால் அவள் ஒப்புக்கொள்கிறாள். காலியான அரங்கில் ஒரு பெண் மட்டும் உட்கார்ந்து, மனநலக் காப்பகத்தில் அடைபட்டுச் சிதைந்த இன்னொருத்தியின் கதையைப் பார்க்கிறாள். அந்த மாயா அவளைப் பெற்றவள். நடுவில் மந்திரவாதி இல்லை, தீர்ப்புச் சொல்ல ஊரும் இல்லை. அம்மாவின் வழக்கை மகள் கேட்கிறாள்.

2019இல் வந்த 'கேம் ஓவர்' இன்னும் ஒரு படி மேலே போனது. பாலியல் வன்முறைக்குப் பிறகு இருட்டைக் கண்டால் மூச்சுத் திணறும் ஸ்வப்னாவாக டாப்ஸி. அவள் குத்திக்கொண்ட பச்சையில், கொலையுண்ட அமுதா என்ற பெண்ணின் சாம்பல் கலந்திருக்கிறது. அமுதா புற்றுநோயோடு பலமுறை போராடி மீண்டவள். அவள் யாரையும் பிடித்து ஆட்டுவதில்லை. அவளுடைய வாழும் பிடிவாதம்தான் ஸ்வப்னாவுக்குள் இறங்குகிறது. கூடவே வினோதினி நடித்த கலாம்மா. வீட்டு வேலைக்கு இருப்பவர்தான். சக்கர நாற்காலியில் இருக்கும் அந்தப் பெண்ணை விட்டு ஓடிப்போக அவருக்கு எத்தனையோ வாய்ப்பு வருகிறது. ஓடவில்லை. முகமூடிக் கொலைகாரர்கள் வீட்டுக்குள் நுழையும்போது இந்த இரண்டு பெண்களும் சேர்ந்துதான் திட்டம் போடுகிறார்கள். எந்த நாயகனும் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை.

அந்தப் படத்தை இயக்குநரோடு சேர்ந்து எழுதியவர் காவ்யா ராம்குமார் என்ற பெண். முன்னால் சொன்ன 'ஆயிரம் ஜென்மங்கள்' கதைக்கும் மூலம் 1976இல் வந்த மலையாள 'யக்ஷகானம்'. அதை இயக்கியவர் நடிகை ஷீலா. இந்த வகையின் வேரிலேயே ஒரு பெண் இயக்குநர் இருந்திருக்கிறார். அதன் பிறகு தமிழில் பேயாக நடிக்க எத்தனையோ நடிகைகளை அழைத்தோம். பேயின் கதையை எழுதவும் இயக்கவும் பெண்களை அழைத்தது மிகக் குறைவு. தயாரிப்பாளர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நானறிந்தவரை நீலகேசி கதை இன்னும் யாரும் தொடாமல் கிடக்கிறது. அதை ஒரு பெண்ணிடம் கொடுங்கள்.