பறையும் நம் பிள்ளைகளும்

(யூபிலி விழா ஏற்பாடுகளுக்காகக் கூடிய பங்குக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி, யூபிலி என்று பல மாதங்களாகப் பேசி வருகிறோம். கோபுரத்துக்கு வண்ணம் பூசியாயிற்று. தேருக்குப் புதுச் சக்கரமும் வந்துவிட்டது. ஆனால் யூபிலி என்னும் சொல் ஓர் இசைக்கருவியின் பெயர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? 'யோபேல்' என்றால் எபிரேய மொழியில் ஆட்டுக்கடாவின் கொம்பு. ஐம்பதாம் ஆண்டில் எக்காளத்தை நாடெங்கும் முழக்குங்கள், அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் காணிக்கும் தன் குடும்பத்துக்கும் திரும்பட்டும் என்று லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரம் விதிக்கிறது. செத்த விலங்கின் கொம்பு முழங்கித்தான் அந்தப் புனித ஆண்டு பிறந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

நம் பங்குப் பேரவையில் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. நம்முடைய கடைமடைக் கிளைக்கிராமத்தை எல்லாரும் அறிவீர்கள். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்; பேருந்தும் அப்படியே. அங்கே பதினான்கு இளைஞர்கள், அவர்களில் ஐவர் பெண்பிள்ளைகள், இரண்டு ஆண்டுகளாகத் தப்பாட்டம் பயின்று வருகிறார்கள். தவக்காலப் பாஸ்காவில் ஆண்டவர் சிலுவை சுமந்த காட்சிக்கு அவர்கள் அடித்த அடியைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேட்டூர்த் தண்ணீரைப் பற்றியும், திருப்பூருக்கு வேலைக்குப் போன அண்ணன்மாரைப் பற்றியும் தாங்களே பாட்டுக் கட்டி, கைப்பேசியிலேயே படம் பிடித்தும் வைத்திருக்கிறார்கள். யூபிலித் தேர்பவனியில் இவர்கள் தப்பு முழங்கலாமா என்பதே கேள்வி.

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. "கோயிலில் தப்பா, சாவுக்கொட்டு அல்லவா அது?" என்றனர் சிலர். இது நாம் எதிர்பார்த்ததுதான். மற்றொன்று அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்தே வந்தது. "சாமி, எங்கப்பா கையிலிருந்து அதைப் பிடுங்கி எறியத்தான் நாங்க படாத பாடு பட்டோம். படிக்கிற பிள்ளை கையில மறுபடியும் அதையா கொடுக்கிறது?" என்று ஒரு தாய் கேட்டார். முதல் எதிர்ப்புக்கு விடை சொல்வது எளிது. இந்தத் தாய்க்கு விடை சொல்வது எளிதன்று.

முதலாவதை முடித்துவிடுவோம். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாள மக்கள் இன்றைக்கும் பேசுவதைப் 'பறைதல்' என்றே சொல்கிறார்கள். நாளிதழும் வானொலியும் வருமுன் இந்த மண்ணில் செய்தி சொன்ன சாதனம் பறையே. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருளாகத் தெய்வம், உணவு, மரம், புள் இவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறது. மருத நிலத்துக்கு, அதாவது நம் நெல் வயலுக்கு, மணமுழவும் நெல்லரி கிணையும் உரியவை என்பர் உரையாசிரியர்கள். ஒன்று கல்யாணக் கொட்டு, மற்றது அறுவடைக் கொட்டு. மருதத்துக்கென்று சொன்ன இவ்விரண்டில் சாவுக்கொட்டு இல்லை.

தோல் தீட்டு என்பாரும் உண்டு. கச்சேரி மேடையில் பட்டு விரித்து வைக்கும் மிருதங்கத்தில் பசுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் இருக்கின்றன. பாலக்காடு மணி ஐயர் போன்ற மேதைகளின் மிருதங்கங்களுக்குத் தோல் பதம் பார்த்து மூட்டியவர்கள் நம் தஞ்சாவூர்க்காரர்கள்; செபஸ்தியான், பர்லாந்து என்று கிறிஸ்தவப் பெயர் தாங்கிய தலித் குடும்பத்தார். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ஒரு முழு நூலே எழுதி 2020-இல் வெளியிட்டார். வாசித்தவர்களின் புகழை நாடறியும். செய்த கைகளின் பெயரைச் சொல்ல அவ்வளவு காலம் ஆயிற்று. ஆகவே தீட்டு தோலில் இல்லை. அதைத் தொடும் கை எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று பார்க்கும் கண்ணில்தான் இருக்கிறது.

திருச்சபையின் போதனை என்ன? 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வத்திக்கான் சங்கம் இரண்டு ஏடுகளை ஒரே நாளில் வெளியிட்டது. ஒன்று திருவழிபாடு பற்றியது. மற்றொன்று சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றியது. மறைபரப்பு நாடுகளில் மக்களுக்கே உரிய இசை மரபுக்குத் தக்க இடம் தர வேண்டும் என்று முதல் ஏட்டின் 119-ஆம் பகுதி சொல்கிறது. அந்த வழியில் அருட்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் 1977-இல் திருச்சியில் தொடங்கிய கலைக்காவிரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரதத்திலும் கருநாடக இசையிலும் நற்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி கடைமடைத் தெருவின் தப்புக்கும் ஏன் எட்டக்கூடாது?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அவர் சொல்வதில் பிழை இல்லை. இந்தக் காவிரிப் படுகையில் தப்பு வெறும் கலையாக இருந்ததில்லை. பண்ணைக்கு உழைத்த குடி, ஊரார் வீட்டுச் சாவுக்குக் கூப்பிட்டபோது போய் அடித்தே தீரவேண்டும். போகாவிட்டால் வேலையும் களத்து நெல்லும் போய்விடும் என்ற அச்சம். நம் மறைமாவட்டம் பிறந்த அதே 1952-ஆம் ஆண்டில்தான் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. அதற்குப் பின்னும் 1968-இல், கிறிஸ்து பிறப்பு விழா நாளின் இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்த்திக் கேட்ட குடும்பங்கள் அவை. இத்தகைய மண்ணில் தப்பைக் கீழே போட்டவர்கள் கலையை வெறுத்துப் போட்டவர்கள் அல்லர். கட்டாயத்தைத்தான் கீழே போட்டார்கள். 2022-இல் தமிழக அரசு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னதும் அதே நோக்கத்தால்தான்.

அதே தப்பைத் தாமே விரும்பி மறுபடி கையில் எடுத்தவர்களும் உண்டு. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறை அடிக்கிறார்கள். ஆண்கள் மட்டுமே தொட்ட கருவி அது. மதுரை இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்ற பெயரால் அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு ஐயர் 2005-இல் மறையும்வரை நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டை அமைத்துக் காட்டினார். பிற சபையாரிடம் நல்லது கண்டால் சொல்லத்தான் வேண்டும். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகவே 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

நம் கடைமடை மக்களை ஆதி திராவிடர் என்றும் சொல்வதுண்டு. ஆதி என்றால் முதல். உலகின் வேறு மூலைகளிலும் முதற்குடிகள் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்ட கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில் பப்புன்யா என்னும் குடியிருப்பில், 1971-இல், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் கொடுத்த ஊக்கத்தால், முதியவர்கள் தம் முன்னோர் கதையைப் பள்ளிச் சுவரில் தீட்டினார்கள். அதிலிருந்து பெரும் ஓவிய இயக்கமே வளர்ந்தது. அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1980-இல் அம்மக்கள் தங்களுக்கென்றே ஓர் ஊடகச் சங்கத்தை அமைத்துச் சொந்த மொழிகளில் வானொலி நடத்தினார்கள். 1986 பிப்ரவரியில் நம் சென்னைக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதே ஆண்டு நவம்பர் 29-இல் அந்த ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் அம்மக்களிடம் பேசினார். உங்கள் பங்களிப்பை நீங்கள் தந்து, மற்றவர்கள் அதை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளும் வரை, இந்நாட்டுத் திருச்சபை இயேசு விரும்பும் நிறைவை அடையாது என்பது அவர் உரையின் சாரம். தருவது மட்டும் போதாது, பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார், அதுவும் மகிழ்ச்சியோடு. நடுத்தெருப் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பப்புன்யாவில் ஒரு சங்கடமும் நேர்ந்தது. தொடக்கக் காலப் படங்களில், வெளியார் பார்க்கலாகாத புனிதச் சின்னங்களும் விலைக்குப் போயின. அக்குடிகளுக்குள்ளேயே மனவருத்தம் எழுந்து, பின்னால் எதைக் காட்டுவது எதை மறைப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். நம் பிள்ளைகளின் கைப்பேசிப் படங்களுக்கும் இது பொருந்தும். நகரத்திலிருந்து கருவியோடு வருபவர் படம் எடுத்துப் போய்விடுவார். பிள்ளைகளிடம் ஒரு பிரதிகூட இராது. இனி அப்படி ஆகாது.

ஆகவே பேரவையில் பேசி, அந்தப் பெற்றோரோடும் இருமுறை உட்கார்ந்து, சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். விருப்பமுள்ளவர் மட்டுமே அடிப்பர். பெற்றோர் வேண்டாமென்றால் வற்புறுத்தல் இல்லை. எந்தத் தெருப் பிள்ளையும் கற்றுக்கொள்ள வரலாம். நடுத்தெருவிலிருந்து இதுவரை மூவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் வர வேண்டும். பேண்டு வாத்தியக்காரருக்குக் கொடுக்கும் அதே தொகை இவர்களுக்கும் உண்டு, பந்தியும் ஒன்றே. தேருக்கு முன்னால் அடிப்பதோடு நிறுத்தாமல், காணிக்கைப் பவனியில் பீடம்வரை வருவார்கள். சாவு வீட்டுக்கு இக்குழுவைக் கேட்டு யாரும் அறைவீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். தேர்வு மாதத்தில் பயிற்சி கிடையாது. பாட்டும் படமும் அவர்களுடையவை. மலரில் போடவும் அவர்கள் ஒப்புதல் வேண்டும்.

அந்தத் தாய் இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. மகளைத் தேர்பவனியில் மட்டும் விடுகிறேன், அப்புறம் பார்ப்போம் என்றிருக்கிறார். அது அவருடைய உரிமை. நாமும் பார்ப்போம்.

பயிற்சி ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பள்ளித் திடலில் நடைபெறும். தப்பைத் தீயில் காய்ச்சினால்தான் நாதம் எழும். அறுவடை முடிந்தவர்கள் வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் திடலுக்கு அனுப்பி வைத்தால் உதவியாக இருக்கும்.