நம் செயலிக்கு நாமே முடுக்கி

(பொழிவின் சுருக்கம்)



கணிப்பொறியின் மூளை எனத்தகும் செயலி எப்பணியையும் செய்யும். ஆயினும், எல்லாவற்றையும் விரைந்து செய்யாது. ஒரே வகைப் பணியை மிக விரைந்து முடிக்கவென்றே அமைக்கப்பெறும் தனிச்சுற்று, முடுக்கி எனப்படும். முன்னரே உள்ள செயலியோடு அதனை இணைப்பது எங்ஙனம்? இத்தகு செய்திகளைத் தமிழில் விளக்கவியலாது என்பாரும் கேட்க!

1980-இல் இண்டெல் நிறுவனம் 8087 எனும் கணக்குத் துணைச்செயலியை வெளியிட்டது. புள்ளி இடம்பெயரும் பின்ன எண்களைக் கணிப்பதே அதன் பணி. 8086 செயலியின் அருகே தனிச்சில்லாக அமர்ந்து, செயலிக்கு வரும் கட்டளைகளை அதுவும் உடன்நோக்கும். தனக்குரிய குறி தாங்கிய கட்டளை வந்ததும் தானே ஏற்று முடிக்கும். 1989-இல் வந்த 80486-இலோ, ஏறத்தாழ 12 இலக்கம் திரிதடையங்கள் கொண்ட ஒரே சில்லுக்குள் அக்கணக்குறுப்பும் அடங்கிற்று. வெளியே நின்ற துணை உள்ளுறுப்பாயிற்று. பழைய கட்டளைகளும் அவ்வாறே செல்லுபடியாயின.

இவ்விணைப்பில் இடர்கள் உள. முடுக்கி எத்துணை விரைந்தாலும், தரவைக் கொண்டுசென்று மீட்கும் காலம் மிகுமாயின் பயனில்லை. ஆதலின் இரண்டும் ஒரே நினைவகத்தைப் பகிர்தல் நன்று. மேலும், ஒரு பணியின் செம்பாதியை நொடிப்பொழுதும் ஆகாமல் முடித்தாலும், முழுப்பணியின் விரைவு இருமடங்கையே எட்டும். இவ்வரம்பினை ஆம்டால் 1967-இல் எடுத்துரைத்தார்.

மூன்றாம் இடர் உரிமை பற்றியது. பிறர் செயலியின் உள்ளமைப்பை மாற்ற நமக்கு இசைவில்லை. 2010-இல் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ரிசுக்கு-ஐந்து’ எனும் திறந்த கட்டளைத் தொகுதியோ, அவரவர் புதுக்கட்டளைகளுக்கென்றே இடம் ஒதுக்கியுள்ளது. அதன் அடிப்படையில் ‘சக்தி’ எனும் செயலியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வடிவமைத்தனர். 2018-இல் சண்டிகரை அடுத்த நடுவண் அரசின் குறைகடத்தி ஆய்வகத்தில் அது சில்லாகவும் உருப்பெற்றது. இத்தகு செயலியில் நமக்கு வேண்டும் முடுக்கியை நாமே பொருத்தலாம். எவரிடமும் கையேந்த வேண்டுவதில்லை.

வாயில் திறந்துள்ளது. ஆயினும், தமிழ்வழிப் பயின்று வரும் சிற்றூர் மாணவன் அவ்வாயிலில் அயன்மொழிச் சுவர் ஒன்றைக் காண்கின்றான். அவனுக்கு அறிவு உண்டு. அவன் மொழியில் நூல் போதவில்லை. செயலி, முடுக்கி, நினைவகம், கட்டளை எனச் சொற்கள் நம்மிடம் உள. பொறியறிஞர்காள்! ஆளுக்கோர் இயலேனும் தமிழில் எழுதித் தருக! பிறர் கதவைத் திறந்துவைத்த பின்னும் நாம் வெளியே நிற்பதற்குக் கரணியம் நாமாக இருத்தல் கூடாது.

வெல்க தமிழ்!