மணலில் கீறிய கோடு

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் செயலாளர் என் வீட்டுக்கு வந்து, ஆண்டு நிறைவுக் கூட்டத்திலே பேச வேண்டும் என்று கேட்டபோது, சமயப் பொருள் ஒன்றையே தருவார் என்று எண்ணியிருந்தேன். அவரோ, "ஐயா, நீங்கள் சிறு வயதிலே விளையாடிய விளையாட்டுக்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவனிடம் இதைக் கேட்பது, கட்டையிலே நின்ற மாட்டை அவிழ்த்து விடுவது போன்றது. எந்தத் தோட்டத்திலே போய் நிற்குமோ தெரியாது. இருந்தாலும் தலைவர் மணி அடிக்குமுன் முடித்துவிட முயல்வேன்.

வயது சென்றவன் இளமையை நினைத்து ஏங்குவது புதிய செய்தியன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டிலே ஒரு கிழவர் வருகிறார். பூண் கட்டிய தடியை ஊன்றி நடுங்கி நிற்கிறார்; இருமலுக்கு நடுவே ஒன்றிரண்டு சொல் பேசுகிறார். அவர் நினைவுக்கு வருவது பதவியுமன்று, பொருளுமன்று. மணலிலே பாவை செய்து அதற்குப் பூச்சூட்டியது நினைவுக்கு வருகிறது. கள்ளமறியாத தோழரோடு கூடியதும், நீர்த்துறையிலே நின்ற மருதமரத்தின் கொம்பிலே ஏறிக் கரையில் நின்றவர் திகைக்க ஆழமான மடுவிலே துடுமெனக் குதித்ததும், அடியிலே கிடந்த மணலை அள்ளி வந்து காட்டியதும் நினைவுக்கு வருகின்றன. அந்த இளமை இப்போது எங்கே போயிற்று என்று அவர் இரங்குகிறார். அப்பாட்டிலே வரும் தடியைக் கொண்டே அப்புலவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயரும் வழங்கலாயிற்று. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் பாடிய அக்கிழவரும், இன்று உங்கள் முன் நிற்கும் இக்கிழவனும் ஒரே இனத்தவர்.

எங்கள் விளையாட்டுக்களுக்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. காற்றும் மழையும் வயலுமே முறை வைத்துத் தந்தன. மார்கழி, தை மாதங்களிலே வாடை வீசும். அது பட்டக் காலம். மூங்கிலைச் சீவி, கோதுமை மாவிலே பசை காய்ச்சி, பழைய சேலைத் துண்டிலே வால் கட்டுவோம். விண் பூட்டிய பட்டம் இரவிலே கூவும்போது, படுக்கையிலே கிடந்தபடி இது இன்னாருடைய பட்டம் என்று சொல்லிவிடுவோம். வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கல் நாளில் நடைபெறும் பட்டப் போட்டியை இன்றும் பல்லாயிரம் பேர் சென்று பார்க்கின்றனர் என்பது மனத்துக்கு ஆறுதல் தருகிறது.

அரிவு வெட்டு முடிந்ததும் வயல்வெளி எங்களுடையதாகிவிடும். கிட்டிப்புள், பேணிப்பந்து, கிளித்தட்டு எல்லாம் அங்கேதான். கிட்டிப்புள்ளிலே தோற்றவன் மூச்சு விடாமல் ஒலி எழுப்பிக்கொண்டு ஓடி வரவேண்டும்; இடையிலே மூச்சு விட்டானா என்று பார்க்கப் பத்துப் பேர் பின்னால் ஓடுவார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குப் புளியங்கொம்பிலே ஊஞ்சல் கட்டுவர். பெரியவர்கள் போர்த்தேங்காய் அடிப்பர். எவருடைய தேங்காய் சிதறும் என்று நாங்கள் குந்தியிருந்து பார்ப்போம். சிதறியதைத் தின்பதற்கும் நாங்களே ஆள். வைகாசி, ஆனியில் நுங்குக் கோம்பையிலே வண்டி ஓடும். பூவரசமிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினால் கோயில் நாதசுரம் தோற்றுவிடும் என்பது எங்கள் எண்ணம். ஐப்பசியிலே மழை பிடித்தால் ஒழுங்கையிலே ஓடும் வெள்ளத்தில் கொப்பித் தாள்கள் கப்பலாய்ப் போகும். கணக்குப் பிழைத்த தாள்களே முதலில் கப்பலாகும். பெண் பிள்ளைகள் திண்ணையிலே கொக்கான் வெட்டுவர்; முற்றத்திலே எட்டுக்கோடு கீறிக் கெந்துவர். இவற்றுள் காசு கொடுத்து வாங்கிய பொருள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். போளையும் பம்பரமுமாக இரண்டு மூன்றுக்கு மேல் தேறாது.

எல்லாவற்றிலும் மேலானது கிளித்தட்டு. இளைஞர் சிலர் இதனை அறியார் ஆதலால் சற்று விரித்துச் சொல்கிறேன். நீள்சதுரமாக ஒரு தட்டுக் கீறி, நடுவே நெடுகலாய் ஒரு கோடும், குறுக்கே பல கோடுகளும் இடுவோம். எங்கள் ஊரிலே ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மறிக்கும் பக்கத்தார் ஐவர் குறுக்குக் கோட்டுக்கு ஒருவராக நிற்பர். ஆறாமவனே கிளி. அவன் நடுக்கோட்டிலும் சுற்றுக் கோட்டிலும் ஓடித் திரியலாம். கிளி கை தட்டியதும் ஆட்டம் தொடங்கும். மற்றப் பக்கத்தார் ஒருவர் கையிலும் அகப்படாமல் ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து மறுமுனைக்குப் போகவேண்டும். போகின்றவன் காய், மறுமுனையைத் தொட்டுத் திரும்புகின்றவன் பழம். பழம் ஒன்று புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தால் ஆட்டம் வென்றதாகும்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. ஒருவன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் தனியே பழமாக முடியாது. வேறொருவன் கிளியை ஒரு மூலைக்கு இழுத்துப் பிடிக்கவேண்டும். தான் அகப்பட்டாலும் சரி, தன் பக்கத்தவன் தப்பவேண்டும் என்று அவன் நிற்பான். வென்றவனைத் தூக்கிக்கொண்டு ஆடும்போது, மூலையிலே நின்றவன் முழங்காலிலே மண்ணைத் தட்டிக்கொண்டு சிரிப்பான். தியாகம் என்ற சொல்லை நான் புத்தகத்திலே படித்தது பின்னர்தான்.

இன்னொன்று. நடுவர் இல்லை, ஊதுகுழல் இல்லை. தொட்டது மெய்யா பொய்யா என்று நாங்களே வாதிட்டு, நாங்களே தீர்த்து, இருட்டுமுன் மறுபடியும் ஆடவேண்டும். பொய் சொன்னவனுக்கு அடுத்த நாள் ஆட்டத்திலே இடமில்லை. இதைவிடப் பெரிய தண்டனையை எங்கள் வயதிலே நாங்கள் அறியோம்.

நம் முன்னோர் விளையாட்டை இழிவாக எண்ணினாரல்லர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஆண்பிள்ளையின் ஆட்டத்துக்குப் பருவம் வகுத்தனர். பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும் வைத்தனர். பட்டினப்பாலையிலே, கோழியை விரட்ட எறிந்த பொற்குழை ஒன்று சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரை மறித்து நிற்கிறது. மணிவாசகப் பெருமான் திருவாசகத்திலே திருவம்மானை, திருப்பூவல்லி, திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் என்று மகளிர் ஆட்டங்களையே பாட்டுக்கு உருவமாகக் கொண்டார். ஆடும் பிள்ளையின் வாயிலே இறைவன் நாமம் தானாக வந்து இருக்கட்டும் என்று கருதினார் போலும். ஆகவே, "விளையாட்டை விட்டுப் படி" என்று பிள்ளையை அதட்டும்போது, நாம் பழைமையைக் காப்பவர் என்று நினைத்துவிடக்கூடாது.

இதுவரை இனிப்பைச் சொன்னேன். இதனோடு நிறுத்தினால் உங்களை ஏமாற்றியவனாவேன்.

எங்கள் வெளியின் ஓரத்திலே வடலிக் கூட்டம் ஒன்று இருந்தது. அங்கே எங்கள் வயதுப் பையன் ஒருவன் ஆடு மேய்த்துக்கொண்டு நிற்பான். நாங்கள் விளையாடுவதை நாள்தோறும் பார்ப்பான், கிட்ட வரமாட்டான். ஏன் வரமாட்டான் என்று நாங்கள் கேட்டதில்லை. கேளாமலே தெரியும்படி எங்களை வளர்த்திருந்தார்கள். ஒரு நாள் எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. யாரோ ஒருவன் அவனைக் கூப்பிட்டான். அவன் ஆட்டைக் கட்டிவிட்டு ஓடி வந்தான். அவனைக் கிளியாக விட்டோம். அப்படி ஒரு கிளியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அன்று ஒரு காயும் பழமாகவில்லை.

ஒழுங்கையாலே போன பெரியவர் ஒருவர் இதைக் கண்டுவிட்டார். அன்றிரவே அவனுடைய தகப்பனைக் கூப்பிட்டு முற்றத்திலே நிறுத்திப் பேசினார்கள். பேசிய இடத்திலே நானும் நின்றேன். "நாங்கள்தான் கூப்பிட்டனாங்கள்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளும் அவன் வடலியடியிலேயே நின்றான். நாங்கள் கூப்பிடவில்லை. அவன் எங்கள் பக்கம் திரும்பவுமில்லை.

காலாலே கீறிய கோட்டை மழை அழித்துவிடும். இந்தக் கோட்டை எந்த மழையும் அழிக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கும் ஒரு கோடு இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலே ஒரு நாள் அவர்கள் வெளிக்கு வராமல் போவார்கள். பின்னர் வேலிக்கு மேலால் தலை மட்டும் தெரியும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்வோர், அது எவருக்குப் பொன்னாய் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி, அந்த வெளி எப்படி வெறுமையாயிற்று? கைத்தொலைபேசியே காரணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது கடைசியாக வந்த காரணம். இலங்கையிலே தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலே வந்தது. குடாநாட்டிலே 1990ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகள் மின்சாரமே இல்லை. சைக்கிளின் மின்னாக்கியைச் சுழற்றி வானொலி கேட்டோம். அப்போது பிள்ளைகள் வெளியிலே விளையாடத்தான் செய்தனர். வானத்திலே இரைச்சல் கேட்டால் பதுங்கு குழிக்குள் ஓடுவர். ஓய்ந்ததும் தென்னைமட்டைத் துடுப்போடு வெளியே வருவர். 1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தென்மராட்சியிலே தங்கிய இடத்திலும் அவன் கூட்டாளிகளைச் சேர்த்து வெளியிலே விளையாடினான். நான் பயத்தினாலே அவனை அடித்து உள்ளே இழுத்து வந்தேன். அந்த அடியை அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

போர் 2009ஆம் ஆண்டிலே முடிந்தது. மிதிவெடி அபாயப் பலகைகள் ஒவ்வோர் ஊராக அகன்றன. ஆனால் "வெளியிலே போகாதே" என்ற சொல் எங்கள் வாயிலிருந்து அகலவில்லை. அதன்மேல் ரியூசன் வந்தது. காலை ஒன்று, மாலை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. வேலிகள் இருந்த இடத்தில் மதில்கள் எழும்பின. வெளிகள் காணித் துண்டுகளாயின. பிள்ளைக்குப் போக ஓரிடமும் இல்லாமற் செய்துவிட்டு, அவன் கையிலே ஒரு கண்ணாடித் துண்டையும் நாமே கொடுத்துவிட்டு, இப்போது அவனைக் குறை கூறுகிறோம்.

5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் வருந்த இயங்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டிலே வகுத்துரைத்தது. பகல் வெளிச்சத்திலே திரியும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவு என்று கண் மருத்துவர் சொல்கின்றனர். விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது; இலங்கை அதனை 1991ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்டது. எங்கள் ஆச்சி இவற்றை ஒன்றும் அறியாள். பின்னேரமானதும், "வீட்டுக்குள்ளை நில்லாமல் போய் விளையாடு" என்று துரத்துவாள்; அவ்வளவே.

2022ஆம் ஆண்டு பங்குனியிலே நாட்டிலே எரிபொருள் இன்றி, ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாலை என் பேரன் செத்துப்போன கைத்தொலைபேசியோடு என்னிடம் வந்து, "அப்பப்பா, இனி என்ன செய்யிறது?" என்றான். நான் ஒரு தடியை எடுத்து ஒழுங்கை மணலிலே கோடு கீறினேன். அயல் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தனர். ஆண், பெண் என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை; யார் வீட்டுப் பிள்ளை என்றும் எவரும் கேட்கவில்லை. மூன்று நாளிலே கிளித்தட்டு அவர்களுக்குக் கைவந்தது. பேரனின் வகுப்பிலே படிக்கும் சிறுமி ஒருத்திதான் சிறந்த கிளி. அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வடலியடியிலே நின்றவன் ஞாபகம் வந்து, நான் படலையைப் பிடித்துக்கொண்டேன்.

நடுவிலே மின்சாரம் வந்துவிட்டது. பாதிப் பேர் வீட்டுக்குள்ளே ஓடினார்கள். பாதிப் பேர் நின்றார்கள். நின்ற அந்தப் பாதியை நம்பியே இன்று உங்களிடம் பேசுகிறேன்.

இளைஞர்களே, பழைய காலத்தைத் திருப்பிக் கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அது வரவும் வேண்டியதில்லை. சங்கத்துக்குப் பின்னால் ஒரு வளவு இருக்கிறது. அதிலே முள்ளை வெட்டி, கண்ணாடி ஓட்டைப் பொறுக்கித் துப்புரவாக்குங்கள். கிழமையிலே ஒரு பின்னேரம், ரியூசனுக்கும் விடுமுறை கேட்டு, ஊர்ப் பிள்ளைகளை அழையுங்கள். கைத்தொலைபேசிகளை வாசலிலே ஒரு கடகத்திலே போடட்டும். பெரியவர்கள் ஓரமாக இருந்து பார்க்கலாம்; நடுவராகப் போகவேண்டாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். தட்டைக் கீறி முடித்தபின், ஓரத்திலே எவனாவது, எவளாவது தனியே நின்று பார்க்கிறார்களா என்று சுற்றிவர ஒருமுறை பாருங்கள். நின்றால், போய்க் கூப்பிடுங்கள். வேறு யாரும் கூப்பிடட்டும் என்று நில்லாதீர்கள். நான் அப்படி நின்றவன்.

புறநானூற்றுக் கிழவர் ஆழத்திலே மூழ்கி ஒரு பிடி மணலைக் கொண்டுவந்து காட்டினார். என்னால் இப்போது மூழ்க முடியாது. இருப்பினும், நான் கொண்டுவந்தது இவ்வளவு. இதை வைத்துக்கொண்டு நீங்கள் கோடு கீறுங்கள்.