காரின் வில்லும் கடற்காற்றும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, உப்புக் கடலின் ஓரத்தில், நன்னீர் ஊறும் கேணியோடு அமைந்திருப்பது கீரிமலை. நகுலேசுவரப் பெருமானை வழிபடவும், ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் ஆற்றவும், இறந்தோரின் அஸ்தியைக் கடலிற் கரைக்கவும் இங்கு வருவோர் பலர். அவர்களுள் முதியோர் மிகுதி. யாழ்ப்பாண நகரிலிருந்து இணுவில், சுன்னாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் வழியாக ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தூரம் அவர்களை நெடுங்காலமாக ஏற்றி வந்தவை ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானியக் கார்களே. 1990களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியவையும் இவையே. அவற்றுட் சில இன்றும் தெருவில் ஓடுகின்றன.

இத்தகைய காரொன்றை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் கீரிமலையில் இருக்கின்றார் என்று கொள்ளலாம். வழக்கமாக வரும் மூதாட்டி ஒருவர் ஒருநாள் இறங்கும்போது, "தம்பி, முந்தி உந்தக் கார் இப்பிடித் தூக்கிப் போடேல்லை" என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கின்றார். அவர் அடுத்த முறை வேறொரு வண்டியை அழைக்கக்கூடும். காருக்கு என்ன நேர்ந்தது? கையிலுள்ள பணமோ ஒரு திருத்தத்துக்கே போதும். எதைத் திருத்துவது? கேள்வி சிறியது, அதில் தங்கியிருப்பது ஒரு குடும்பத்தின் வாழ்வு.

முதலில் அறிய வேண்டியது, மாறியது காரா, தெருவா என்பதே. மழைக்குப் பின் பெயர்ந்த சுண்ணாம்புக் கல் ஒழுங்கையில் எந்தக் காரும் குலுங்கும். ஆதலின் நன்கு பழகிய ஒரே தெருவில், ஒரே வேகத்தில், வழமையான பாரத்தோடு ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அப்போது இன்னொன்றையும் கவனித்தல் நலம். சிறு கற்களிலும் சிறு பிளவுகளிலும் கார் கடகடவென்று அதிர்கின்றதா? அல்லது அங்கெல்லாம் அமைதியாகச் சென்று, பெரும் பள்ளத்தில் மட்டும் 'டங்' என்று இடிக்கின்றதா? நோய் இருக்குமிடத்தை இந்த வேறுபாடு பாதிக்கு மேல் காட்டிவிடும்.

சிற்றதிர்வு மிகுந்தால் முதற் சந்தேகம் ரயரின் மேல் விழ வேண்டும். தெருவைத் தொடுவது அதுவே. காசில்லாமல் சோதிக்கக்கூடியதும் அதுவே. மொறிஸ் மைனருக்கு, அதன் காலத்துக் குறுக்கிழை ரயருக்கென உற்பத்தியாளர் விதித்த காற்று, சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 22 இறாத்தல் மட்டுமே. இன்றைய கார்களுக்கு அடிப்பதுபோல் 32 அல்லது 35 இறாத்தல் அடித்துவிட்டால் அந்த ரயர் கல்லாகிவிடும். ஓடிச் சூடேறிய ரயரில் அழுத்தம் கூடிக் காட்டும். எனவே காலையில், கார் புறப்படுமுன்னர் அளத்தல் வேண்டும். பழைய அளவு ரயர் கிடையாமையால் பாரவண்டிக்குரிய தடித்த ரயரைப் பூட்டியிருந்தாலும் இதே குறை தோன்றும். ரயரின் வயதும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டின் பின் செய்யப்பட்டவற்றிற் பலவற்றின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தேயாமலே கிடந்த பழைய ரயர் பார்வைக்குப் புதிதாயினும், றப்பர் இறுகிப்போயிருக்கும்.

ரயரிற் குறையில்லையெனில் வில்லுக்குச் செல்ல வேண்டும். மொறிஸ் மைனர், 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் அதன் முன்புறத்துக்கு முறுக்குத் தண்டுகளை அமைத்தார். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜின் முன்புறத்தில் உள்ளவை சுருள் விற்கள். ஆயினும் பின்புறத்தில் இரண்டுமே தகட்டு விற்களையே தாங்கி நிற்கின்றன. கராச்சுக்களில் 'ஸ்பிறிங் பிளேற்' என்று வழங்குவது இதுவே. நீளத்தில் ஒன்றினும் ஒன்று குறைந்த தகடுகள் அடுக்கிக் கட்டப்பட்டிருக்கும். வில் வளையும்போது ஒவ்வொரு தகடும் மற்றதன் மேல் சிறிது வழுக்கிச் செல்ல வேண்டும்.

இங்கேதான் கீரிமலையின் கடற்காற்று வேலை செய்கின்றது. உப்பு ஈரம் தகடுகளிடையே புகுந்து துருவாகின்றது. துருப்பிடித்த தகடுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். சிறு கல்லின் உதைப்பு அந்தப் பற்றுதலை வெல்லப் போதாது. வில் வளையாமல் கட்டைபோல் நிற்க, அதிர்ச்சி முழுவதும் இருக்கைக்கு ஏறிவிடுகின்றது. பெரும் பள்ளத்தின் அதிர்ச்சியோ பற்றுதலை வென்று வில்லை வளைத்துவிடும். சிற்றதிர்வில் கடுமையும் பேரதிர்வில் இயல்பும் காணப்படுவதன் மர்மம் இதுவே. மருந்து, வில்லைக் கழற்றித் தகடுகளைப் பிரித்து, கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, காரீயகக் கிறீஸ் பூசி மீண்டும் பூட்டுதல். வில் தளர்ந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஒரு தகட்டைச் சேர்ப்பது, வயிற்று நோயாளிக்கு இன்னொரு வேளைச் சோறு கொடுப்பது போன்றது.

வில்லின் முனைகளிலுள்ள றப்பர் புஷ்களையும் நோக்க வேண்டும். கிறீச்சிடும் ஒலியை அடக்க அவற்றில் எண்ணெய் விடுவோர் உளர். அந்த எண்ணெய் றப்பரை ஊதச்செய்து கெடுத்துவிடும். புதிய புஷ் போடும்போதும் ஒரு தவறு நேர்வதுண்டு. கார் ஜாக்கியில் தொங்கும் நிலையிலேயே போல்ற்றை இறுக்கிவிட்டால், கார் நிலத்தில் இறங்கியதும் றப்பர் முறுகிய நிலையிலே நின்றுவிடும். அதனால் ஓட்டம் கடினமாகும். புதிய புஷ்ஷும் விரைவில் கிழியும். சில்லுகள் நிலத்திலே நின்று, காரின் பாரம் வில்லின்மேல் இருக்கும்போதே இறுதி இறுக்கம் கொடுத்தல் வேண்டும்.

அடுத்தது அதிர்வடக்கி. இக்கார்களில் இருப்பது எண்ணெய் நிறைந்த பெட்டியும் நெம்புகையும் கொண்ட வகை. எண்ணெய் ஒழுகினால் கார் ஊஞ்சல்போல் ஆடும். மாறாக, உரிய மெல்லிய எண்ணெய்க்குப் பதிலாக இயந்திரத்தின் தடித்த எண்ணெயை நிரப்பினால் கை அசைய மறுக்கும். காரின் பின்மூலையைப் பலங்கொண்டு அழுத்தி விட்டுப் பார்க்கலாம். எழுந்து உடனே அடங்கினால் நலம். பலமுறை ஆடினால் அதிர்வடக்கி சோர்ந்துவிட்டது. அழுத்தவே இயலாவிடின் வில்லோ அடக்கியோ இறுகிவிட்டது. இரண்டில் எது என்றறிய, பின்புற அடக்கியின் இணைப்பைக் கழற்றி, காரை ஓட்டாமல் நின்ற இடத்திலேயே மீண்டும் அழுத்தினால் போதும். முன்புறத்தில் இதைச் செய்யலாகாது. அங்கே அடக்கியின் கையே சில்லைத் தாங்கும் மேற்கையுமாகும்.

பெரும் பள்ளத்தில் மட்டும் இடிக்கும் காருக்கு நோய் வேறு. வில் தொய்ந்து கார் தாழ்ந்திருக்கும். அசைய இடமின்றி அச்சு மேலேயுள்ள தடுப்பு றப்பரில் மோதும். சமதரையில் நிறுத்தி, நான்கு சில்லு வளைவுகளின் உயரத்தையும் அளந்தால் உண்மை வெளிப்படும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் தகடு முறிந்துள்ளதா என்று உடனே பார்த்தல் வேண்டும். இக்கார்களின் பின் அச்சைத் தன் இடத்தில் நிறுத்துவது அந்த வில்லேயாகும். பிரதான தகடு முறிந்தால் அச்சு விலகும்; கார் ஓட்டுநரின் கைக்கு அடங்காது. கடுமை என்று தொடங்கிய முறைப்பாடு உயிர் பற்றிய விஷயமாகிவிடும் இடம் இது.

ஆகவே வரிசை எளியது: தெரு, காற்று, ரயர், உயரம், வில், புஷ், அதிர்வடக்கி. செலவற்றதிலிருந்து செலவுள்ளதற்கு, கண்ணுக்குத் தெரிவதிலிருந்து மறைந்திருப்பதற்குச் செல்லும் வரிசை இது. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, பழகிய தெருவில் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். மூன்றை ஒருங்கே மாற்றியவர் எது குணமாக்கிற்று என்பதை ஒருபோதும் அறியமாட்டார்; அடுத்த முறையும் மூன்றுக்கே பணம் கொடுப்பார்.

கீரிமலை ஓட்டுநர் ரயரின் காற்றை அளந்து சரிசெய்த பின்னும் கார் அதிர்கின்றது. சமதரையில் உயரம் ஒத்திருக்கின்றது. பின்மூலை அழுத்த இறங்க மறுக்கின்றது. அடக்கியின் இணைப்பைக் கழற்றியும் அவ்வாறே. இனி அவர் கராச்சுக்குச் சென்று, "எல்லாவற்றையும் பாருங்கள்" என்று சொல்ல வேண்டியதில்லை. பின்வில்லைப் பிரித்துத் துரு நீக்கித் தருமாறு கேட்டால் போதும். கையிலுள்ள பணம் அதற்குப் போதுமானது. மூதாட்டி அடுத்த அமாவாசைக்கும் அந்தக் காரிலேயே கேணிக்கு வரலாம்.