பழைய வீடு வாங்குமுன்



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார் என்றனர் நம் முன்னோர். பிறர் கட்டிய வீட்டை வாங்குவோர்க்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும். சப்பிரகமுவத் தோட்டங்களிலே கொழுந்து பறித்தும் இறப்பர் பால் வெட்டியும் வாழ்நாளைக் கழித்தோர், ஓய்வு பெறுங்கால் கைக்கு வரும் சேமலாப நிதியைக் கொண்டு, இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ ஒரு பழைய வீட்டை விலைபேசுகின்றனர். அப்பணம் ஒருமுறைதான் வரும். ஆதலின் கைப்பணம் கொடுக்குமுன் பார்க்கவேண்டியவை எவை என்பதே இன்றைய பேச்சு.

முதலிற் பார்க்கவேண்டியது வீடன்று; அது நிற்கும் நிலம். 2016 மே மாதப் பெருமழையிற் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து குடியிருப்புகளை மூடிற்று. அதே மழையிலே புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்து லயன் வீடுகளும் மண்ணுட் புதையுண்டன. சுவர் உறுதியா, கூரை உறுதியா என்ற வினாவுக்கு அங்கே இடமேயில்லை; நிலமே நகர்ந்துவிட்டது.

ஆகவே, வீட்டின் பின்புறம் சென்று நில்லுங்கள். மேட்டைச் செங்குத்தாக வெட்டி வீடு அமைத்திருக்கின்றனரா? அணைசுவர் இருப்பின், அது முன்னோக்கிப் புடைத்திருக்கின்றதா? உள்ளே தேங்கும் நீர் வடிவதற்குத் துளைகள் உண்டா? மேலே மரங்கள் சாய்ந்து நிற்பதும், தரையிற் பிறைபோல வெடிப்புக் காண்பதும், புதிய ஊற்றுத் தோன்றிக் கலங்கல் நீர் வருவதும் மண் நகர்வதன் அறிகுறிகளாம். இவற்றுள் ஒன்று கண்டாலும், மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பெறாமல் மேற்செல்லாதீர்கள்.

இரத்தினபுரிப் பக்கத்தில் இன்னுமொரு கேள்வி உண்டு. மாணிக்கக்கல் அகழ்வோர், கல் கிடைக்கும் பரலடுக்கை ‘இல்லம்’ என்பர். நாம் வாங்கும் இல்லத்தின்கீழ் அந்த இல்லத்தைத் தேடிச் சுரங்கம் தோண்டினரா என்று அயலவரை விசாரியுங்கள். 2003இலும் 2017இலும் களுகங்கை பெருகியபோது தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்றும் அவர்களையே கேளுங்கள். சுவரின் அடிப்பாகத்துக்கு மட்டும் புதுவர்ணம் பூசியிருந்தால், அதன் காரணத்தையும் கேளுங்கள்.

அடுத்து வீடு. வெயில் நாளில் ஒருமுறையும் மழை நாளில் ஒருமுறையும் பாருங்கள். பூச்சிலே மயிரிழைபோல ஓடும் கீறல் பெரிதன்று. கதவு, சன்னல் மூலைகளிலிருந்து படிக்கட்டுப்போலச் சாய்ந்தேறும் வெடிப்போ அத்திவாரம் தாழ்வதைக் குறிக்கலாம். உரிமையாளர் இசைந்தால், வெடிப்பின் குறுக்கே ஒரு தாள் துண்டை ஒட்டித் தேதியிடுங்கள். சில வாரங்களில் அது கிழிந்தால், வெடிப்பு இன்னும் வளர்கிறதென்று அறியலாம். கபுக்கற் சுவரின் அடியில் ஈரமும் உப்புப் பூத்தலும் உண்டா என்று பாருங்கள். கைமரங்களைப் பேனாக்கத்தியாற் குத்துங்கள். கத்தி எளிதாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. நண்பகலிற் கதவடைத்து உள்ளே நின்றால், தகரக் கூரையின் துளைகள் விண்மீன்களாய்த் தோன்றும். அஸ்பெஸ்டஸ் தகடாயின் அதை உடைக்கவோ அறுக்கவோ முயலாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது.

இறுதியாக உறுதிப்பத்திரம். காணிப் பதிவகத்திற் பதிவேட்டை நொத்தாரிசு மூலம் தேடச் செய்யுங்கள். தோட்டத்து லயன் அறைகளைப்பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்களை 1992 முதல் பிராந்தியக் கம்பனிகள் நிருவகிக்கின்றன. அங்கே குடியிருப்பவர் எழுதிக்கொடுக்கும் கைக்கடிதம் உங்களுக்குக் காணியுரிமை தராது. அதற்குப் பணம் கொடுத்தோர் பணத்தையும் இழப்பர், வீட்டையும் இழப்பர்.

அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரையும் தச்சர் ஒருவரையும் ஒருநாட் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தச் செலவை விலையிற் கழித்துப் பேசுங்கள். கூரையை மாற்றலாம், சுவரைத் திருத்தலாம். மலையை மாற்ற யாராலும் இயலாது. நிலம் ஐயத்துக்குரியதாயின், விலை எத்துணை மலிவாயினும் திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் மழையிரவிலும் அச்சமின்றி உறங்கும் வீடே வாங்கத்தக்க வீடு.