கண்ணுக்குத் தெரியாத நோட்டீஸ்



பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் நாளை அறிவிக்க முன்பொரு தரம் நோட்டீஸ் அடித்தோம். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து. அழகாய் இருக்கட்டுமே என்றுதான்! பெரட்டுக்களத்தில் ஒட்டியும் யார் கண்ணிலும் படவில்லை. அன்றைக்கு வந்தது இரண்டே பிள்ளைகள். பிழை எங்களுடையதுதான்.

பிறகு கல்முனைக்குப் போனபோது அச்சக முதலாளி ஒருவரிடம் அந்த நோட்டீஸைக் காட்டினோம். "சேர், மஞ்சள் வெள்ளைக்குள்ள ஒளிஞ்சிரும். தாளை மஞ்சளாக்கி எழுத்தைக் கறுப்பாக்குங்க" என்றார். பக்கத்து மருதமுனைத் தறிகளிலும் இதே கணக்கைப் பார்த்தோம். வெளிர்நிற உடலுக்குக் கடுநிறக் கரை போட்டால்தான் சேலை எடுப்பாகத் தெரியும்.

எழுத்திலும் கவனம் வேணும். தடித்த எழுத்தைச் சின்னதாக அடித்தால் 'இ', 'ஞ' சுழிகள் மையில் அடைந்துபோகும். தலைப்பு மட்டும் தடிப்பாக இருந்தால் போதும். முந்தி ஈய எழுத்தைக் கையால் கோர்த்தார்கள். 'கொ' என்ற ஓர் எழுத்துக்கே மூன்று அச்சு! நம்ம மலைநாட்டுக் கண்டியிலிருந்து 1882இல் சித்திலெப்பை வெளியிட்ட 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையும் இப்படிக் கோர்த்ததுதான். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் நிமிஷ வேலை. அதனால்தானோ என்னவோ, ஒரே தாளில் ஏழெட்டு வகை எழுத்தைத் திணிக்கிறார்கள். கலர்ப் படமென்றால் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மைதான். சிறு புள்ளிகளாக விழுந்து மற்ற நிறமெல்லாம் காட்டும். நம்ம நோட்டீஸுக்கு ஒரு மை போதும்.

இம்மாதத் தடுப்பூசி நோட்டீஸ் மஞ்சள் தாளில், கறுப்பு எழுத்தில் ஒட்டியிருக்கு. என்ன, எந்த நாள், எங்கே என்று மூன்றே வரி. பத்தடி தள்ளி நின்று வாசிச்சுப் பாருங்க. தெரியாட்டி வந்து சொல்லுங்க, மாற்றி அடிக்கிறோம்.