வியாழக்கிழமை மாலை



கிறிஸ்தவக் குடும்பத்தில் அன்பு என்னும் பொருளைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்திலிருந்தே தொடங்குவர். விவாக ஆராதனைகளில் அது வாசிக்கப்படக் கேட்டுக் கேட்டு, மணமக்களை வாழ்த்துவதற்கென்றே இயற்றப்பட்ட மங்கள வாசகம் என்று நாமும் எண்ணப் பழகிவிட்டோம். ஆனால், கட்சிகளாய்ப் பிரிந்து, சகோதரன்மேல் சகோதரன் வழக்குத் தொடுத்து, கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் வெறித்திருந்த ஒரு சபையைக் கண்டித்து எழுதிய கடிதத்தின் நடுவிலேதான் அவ்வதிகாரம் நிற்கிறது. மனம் ஒவ்வாதவர்கள் ஒரே கூரையின்கீழ் வாழ நேரும்போது நாள்தோறும் செய்தாக வேண்டிய காரியமாகவே அங்கே அன்பு போதிக்கப்படுகிறது; குடும்பத்துக்கு அது பொருந்துவதும் அதனாலேயே.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. எபேசியர் 5-ஆம் அதிகாரத்தை எடுத்து மனைவியர்க்குக் கீழ்ப்படிதலைப் போதிக்கும் பிரசங்கங்கள் நம்மிடையே ஏராளம். கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்த பிரகாரம் அன்புகூர வேண்டுமென்று புருஷர்க்கு அதே இடத்தில் விதிக்கப்பட்டிருக்கும், அதனினும் பாரமான கடமையைப் பற்றிய பிரசங்கங்கள் மிக அரிது. இது நியாயமன்று.

1885-இல் சிங்கப்பூரில் தொடங்கி மலாயாவெங்கும் பரவிய மெதடிஸ்த ஊழியத்தின் மூலபுருஷராகிய ஜான் வெஸ்லி பிறந்த வீட்டை, நாள்தோறும் செய்தாக வேண்டிய அவ்வன்புக்கு எடுத்துக்காட்டாக, இங்கே நினைவுகூர விரும்புகிறேன். இங்கிலாந்தில் எப்வொர்த் என்னும் சிற்றூரில் குருவாயிருந்த சாமுவேல் வெஸ்லியின் மனைவி சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பலரைச் சிசுப் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தவர். மூன்றாம் வில்லியம் மன்னருக்காகத் தாம் ஏறெடுத்த ஜெபத்துக்கு மனைவி ஆமென் சொல்லவில்லை என்று சினந்து, சாமுவேல் சில மாதங்கள் வீட்டைவிட்டே அகன்றிருந்தார். பின்னர்த் திரும்பி வந்தார். 1703-இல் ஜான் பிறந்தார். 1705-இல் தகப்பனார் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். 1709-இல் வீடு தீப்பற்றி எரிந்தது. இத்தனை கலகமும் தரித்திரமும் சூழ்ந்த அவ்வீட்டில் அந்தத் தாய் ஒரு நியமத்தை ஏற்படுத்தி வைத்திருந்தார்: வாரத்தில் ஒவ்வொரு மாலையையும் இன்னின்ன பிள்ளைக்கென்று பகுத்து, அப்பிள்ளையைத் தனியே அழைத்து உட்காரவைத்து, அதன் மனத்திலுள்ளதைக் கேட்பார். ஜானுக்கு உரியது வியாழக்கிழமை. ஆக்ஸ்போர்டில் ஆசிரியராய் விளங்கிய காலத்திலும், முன்னாளில் தமக்கு அளித்த அந்த வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பகுதியை இன்னமும் தம்மை நினைப்பதற்கென ஒதுக்கித் தருமாறு ஜான் அன்னைக்கு எழுதிக் கேட்டார்.

அக்கண்டிப்பான தாயின் சிட்சை முறைகள் எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்பவனல்லன். அம்மாலைகளை மட்டும் இருகரம் கூப்பி ஏற்கிறேன்.

ஏனெனில் மலேசியாவில் சிங்கப்பூரை அடுத்துள்ள இந்த ஸ்கூடாயில் அன்புக்குப் பஞ்சமில்லை. அதைச் செலுத்துவதற்கு வேண்டிய பொழுதுக்கே பஞ்சம். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர் இருட்டோடு எழுந்து பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் போய், ரப்பர்ப் பால்வெட்டில் உழன்றவர்களாயினும், வேலைக்காடும் வீடும் ஒரே எல்லைக்குள் இருந்தன. இன்றோ, ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் பெறுமாதலால், ஸ்கூடாயிலும் சுற்றுப்புறங்களிலும் எத்தனையோ தகப்பன்மாரும் தாய்மாரும் பிள்ளைகள் கண்விழிக்குமுன் மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் புறப்பட்டு, 1924-இல் திறந்த பழைய கடற்பாலத்தையோ 1998-இல் திறந்த துவாஸ் பாலத்தையோ கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, பிள்ளைகள் உறங்கிய பின்னரே திரும்புகின்றனர். 2020 மார்ச் 18-இல் கொரோனாத் தொற்றை முன்னிட்டு மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, வேலையைக் காக்க அக்கரையில் தங்கிவிட்டவர் பலர். நிபந்தனைகளுக்கு உட்பட்ட சிலவகைப் பயணங்கள் இடையே அனுமதிக்கப்பட்டனவாயினும், தரைவழி எல்லை முழுதும் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல்தான். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள பழைய கடற்பாலத்தின் இருமுனையிலும் இருந்துகொண்டு, கைபேசித் திரையில் குடும்ப ஜெபம் நடத்திய வீடுகள் அக்காலத்தில் உண்டு. கண்டிப்பாக ஒரு மணி நேரம் குறித்து, அதில் ஒவ்வொரு பிள்ளையும் பேசும்வரை அவ்வீட்டார் காத்திருந்தார்கள். எல்லை திறந்து உடல்கள் ஒன்றுகூடிய பின் அந்த நியமம் பல இல்லங்களில் மறைந்துபோயிற்று என்பதே என் துக்கம்.

குடும்பத்துக்காகப் பாலம் கடந்து உழைப்பது அன்பே. அதைக் குறைகூற எனக்கு அருகதையில்லை. பெற்றோரிடம் நான் கேட்பது, வாரத்தில் ஒரு மாலை, ஒரு பிள்ளைக்கு, தொலைக்காட்சியும் கைபேசியும் அணைத்து வைத்த அரைமணி நேரம். கணவன் மனைவியர் தமக்கும் அவ்வாறே ஒன்றை ஒதுக்கிக்கொள்வார்களாக. சபைகளை நடத்தும் ஆயர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: ஜெபக்கூட்டம், பாடற்குழு, ஐக்கியக்கூட்டம் என்று எல்லா மாலைகளையும் நிரப்பிவிடாமல், வாரத்தில் ஒரு மாலையேனும் ஆலயத்தில் யாதொரு கூட்டமும் வையாது, மக்களை வீட்டிலேயே இருக்க விடுங்கள்.